கியர் பெட்டிக்குள் குடமுருட்டி

கார் ஓடவில்லை என்பதற்காக மெக்கானிக்கை லாக்கப்பில் வைப்பது என்று ஆரம்பித்தால், தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மெக்கானிக்கும் வீட்டுச் சோறு சாப்பிட முடியாது. ஆனாலும் யூனுஸை வைத்துவிட்டார்கள். ஓடாமல் நின்றது கோரைக்குடி மிராசுதார் துரைராசுவின் கார் என்பதால் சட்டம் கொஞ்சம் சுறுசுறுப்பாக வேலை செய்துவிட்டது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு யூனுஸின் மனைவி மெஹராஜ் பேகம் மாடிப்படி ஏறி வந்தபோது, ‘காயாரோகணம் துப்பறியும் நிலைய’த்தின் மொத்த ஊழியர்களும் ஒரே இட்லிப் பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மொத்த ஊழியர்கள் என்றால் இரண்டு பேர். காயாரோகணம் முன்னாள் பிரேக் இன்ஸ்பெக்டர். இருபது வருஷம் லாரிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தவர். ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவருடைய மச்சானின் பஸ்ஸுக்கு பிரேக் இல்லை என்று எழுதினார். பஸ் ஓடிக்கொண்டேயிருக்கிறது, இவர்தான் நின்றுபோனார். உதவியாளன் மூஸா முன்னாள் கண்டக்டர். பயணிகளுக்கு டிக்கெட்டைவிட அதிகமாகப் பதில் கொடுத்ததால் வேலை போனவன்.

"உக்காருங்க தங்கச்சி. இட்லி சாப்புடுறீங்களா? ஒண்ணு மிச்சம் இருக்கு. சார் அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு," என்றான் மூஸா.

மெஹராஜ் பேகம் சிரிக்கவில்லை. "மூஸா நானா, அவங்கள நேத்து மத்தியானம் புடிச்சுட்டுப் போனாங்க. ராத்திரி கொண்டுபோன சோத்த உள்ள விடல," என்றாள்.

மூஸா வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அவள் சொன்ன கதை சிறியது. யூனுஸ் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் கார் பட்டறையில் இருந்தவர். தானாக கியர் மாற்றிக்கொள்ளும் அமெரிக்க வண்டிகளைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் தஞ்சாவூரில் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்ட வண்டியும் ஒன்றுதான் இருந்தது. அது துரைராசுவினுடையது. அறுபது வயதில், இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்ட பிறகு, கிளட்சே இல்லாத வண்டியாகப் பார்த்து வாங்கிவிட்டார். போன மாதம் யூனுஸ் அதற்கு கியர் ஆயில் மாற்றிக் கொடுத்தார். நேற்றுக் காலை அதே வண்டியை நெல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார்கள். கியர் பிடிக்கவில்லை. நல்ல சாமான்களைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானைப் போட்டு மோசடி செய்துவிட்டார் என்று மிராசுதார் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அதோட இதுவும் வந்துச்சு," என்று ஒரு காகிதத்தை நீட்டினாள்.

தாலுக்கா கச்சேரி நோட்டீஸ். மனுவில் யூனுஸ் பெயரும் இருந்ததால் அவருக்கும் ஒரு நகல். காயாரோகணம் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அந்த இட்லியை மூஸா பக்கம் தள்ளிவிட்டார். விஷயம் பெரிது என்று மூஸாவுக்குப் புரிந்தது.

ஆட்சி மாறி ஆறு வருஷமாகிறது. உழுகிறவர் பெயரைக் குத்தகைதாரர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. மிராசுதார்களும் சட்டத்தை மதித்து, பிறக்காத பேரன் பெயரில் நாலு வேலி, போன வருஷம் செத்த சித்தப்பா பெயரில் மூணு வேலி என்று எழுதி வைத்திருந்தார்கள். துரைராசுவின் நிலத்தில் ஆறு மாவை, அதாவது ரெண்டு ஏக்கர் சொச்சத்தை, அம்சம் என்கிற பெண் உழுதுகொண்டிருந்தாள். புருஷன் இருந்தபோது அவனோடு, அவன் செத்த பிறகு தனியாக. தன் பெயரைப் பதிய வேண்டும் என்று மனு கொடுத்தாள். அவள் குத்தகைக்காரியே இல்லை, தினக்கூலிக்கு வந்த ஆள் என்று துரைராசு எதிர்மனு கொடுத்தார். முந்தாநாள் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. அம்சம் வந்தாள், துரைராசு வரவில்லை. வந்தவள் பெயருக்கே தாசில்தார் உத்தரவு போட்டுவிட்டார்.

இப்போது துரைராசு கேட்பது இதுதான். மெக்கானிக் செய்த மோசடியால் கியர் போய், கார் போர்ட்டிகோவை விட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதனால்தான் வர முடியவில்லை. எனவே உத்தரவை ரத்து செய்து பழையபடி விசாரிக்க வேண்டும். மனு இன்றைக்கு மூன்று மணிக்கு எடுக்கப்படும்.

"ரத்தாச்சுன்னா?" என்று கேட்டான் மூஸா.

"அப்புறம் வாய்தா. வாய்தாவுக்கு மேல வாய்தா. அதுவரைக்கும் அவர் ஆளுங்க அந்தம்மாவ ஏர் பூட்ட விடமாட்டாங்க. இப்பவே ஆத்துல தண்ணி வந்தாச்சு, ஊரே குறுவைக்கு நாத்து விடுது. அந்தம்மா வயலு மட்டும் சும்மா கிடக்கும்." காயாரோகணம் எழுந்து சட்டையை மாட்டினார். "ஒரு கியர் பெட்டிக்குள்ள ரெண்டு குடும்பம் மாட்டியிருக்கு. வா, தொறந்து பாப்போம்."

நாஞ்சிக்கோட்டை ரோட்டில் யூனுஸின் பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே அந்த வண்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பாலேடு நிறம், பின்னால் மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு வால். வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள் காவல்.

"வண்டிய யாரும் தொடக்கூடாது. ஆர்டர்," என்றார் அவர்.

"தொடுறதா? நாங்க தூர நின்னு கும்புட வந்தோம் ஏட்டய்யா," என்றான் மூஸா.

கான்ஸ்டபிள் காயாரோகணத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு காலத்தில் செக்போஸ்டில் இவருக்கு சல்யூட் அடித்த கை. பழக்கம் விடவில்லை, பாதி சல்யூட் அடித்தது. மீதிப் பாதிக்குச் சாவியைக் கொடுத்தது.

காயாரோகணம் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கம்பி. அதற்கு மேலே கண்ணாடிக்குள் பி, ஆர், என், டி என்று எழுத்துகள். கம்பி ‘பி’யில் இருந்தது.

"மூஸா, பின்சக்கரத்துக் கட்டைய எடு."

மூஸா வண்டிக்குப் பின்னால் போய்க் கட்டையை உருவினான். பட்டறைத் தரை ரோட்டை நோக்கிச் சரிவு. வண்டி நிதானமாகப் பின்னால் வந்தது. அவன் ஒரே தாவலில் டயர் அடுக்கின் மேல் ஏறி நின்றான். காயாரோகணம் கைபிரேக்கைப் போட்டு நிறுத்தினார்.

"‘பி’ன்னா நிறுத்தற எடம். உள்ள ஒரு இரும்புப் பல்லு போய்ச் சக்கரத்துப் பற்களுக்கு நடுவுல மாட்டிக்கும். வண்டி அசையக்கூடாது," என்றார்.

"அதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார். நானும் வண்டியும் கலந்து பேசி யார் அசையறதுன்னு முடிவு பண்ணியிருப்போம்."

முன்னால் போக ‘டி’யில் போட்டார். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பின்னால் போக ‘ஆர்’ போட்டார். அதுவும் உறுமலோடு சரி. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இன்ஜின் சூடேறும் வரை காத்திருந்தார். ஓடுகிற இன்ஜினில்தான் இந்த கியரின் எண்ணெயைப் பார்க்க வேண்டுமாம். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அதன் நுனியில் ரோஸ் நிறத்தில் நுரை நுரையாக ஏதோ வழிந்தது.

"ரோஸ் மில்க். ஐஸ் போட்டா நாலு பேருக்கு வரும்," என்றான் மூஸா.

"இந்த எண்ணெய் செக்கச்செவேல்னு இருக்கணும். கியர் தட்டு தேஞ்சு கெட்டிருந்தா கறுத்துப் போயி, அடிப்பிடிச்ச வாசனை வரும். மோந்து பாரு, கருகின வாசனை ஒரு பொட்டு இல்ல. ஓட்டைச் சாமான் போட்டதால கெட்ட கியர் இல்ல இது. தண்ணி கலந்து கெட்டது. கிளட்ச் மிதிக்கிற காலோட வேலைய இந்த வண்டியில எண்ணெய்தான் செய்யுது. எண்ணெய் அமுக்கினாத்தான் கியர் புடிக்கும். தண்ணி சேந்தா நுரைச்சுடும். நுரைக்கு ஏது பலம்?"

"சரி சார். அப்ப அந்தப் பல்லு?"

"அத அடித்தட்டக் கழட்டித்தான் பாக்கணும்."

கான்ஸ்டபிள் எழுந்தார். கழற்றுவது என்றால் தொடுவதுதான் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குள் மெஹராஜ் பேகம் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு வண்டிக்கடியில் போயிருந்தாள். "ஏட்டய்யா, வண்டி ஒழுகி எந் தரையெல்லாம் எண்ணெயா ஆவுது. எந் தரைய நான் சுத்தம் பண்ணக் கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கா?" என்று அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. கான்ஸ்டபிள் யோசித்தார். அப்படி இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை, உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம் புருஷன் கடிதத்தில் எழுதியதை எல்லாம் படித்தவள், திரும்பி வந்த பிறகு பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். பதினாலு போல்ட்டுகளும் வரிசையாக வந்தன.

தட்டு இறங்கியது. ரோஸ் நிறக் குழம்பு வாளியில் கொட்டியது. அடியில் விரல்கடை அளவுக்கு நைசான வண்டல். வண்டலுக்குள் புதைந்து, கட்டைவிரல் பருமனில் ஓர் உடைந்த இரும்புப் பல்.

மூஸா வண்டலை விரலால் தொட்டுப் பார்த்தான். "நல்ல மண்ணு சார். இதுலயே ஒரு போகம் எடுத்துடலாம். இதையும் யாராவது பேத்தி பேருல எழுதிடப் போறாங்க."

காயாரோகணம் முன்பக்கம் போய் பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பளபளப்பான இரும்பில் தென்னங்கயிறு உரசிய நார். அதன்மேல் காய்ந்த சாணம்.

"போர்ட்டிகோவை விட்டு அங்குலம் நகரலேன்னு மனுவுல எழுதியிருக்காரு. அப்ப ஆறுதான் போர்ட்டிகோவுக்கு வந்திருக்கணும். அதுக்கு மாட்டையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கணும். மூஸா, குடமுருட்டி ஆத்துல தண்ணி என்னிக்கு வந்துச்சு?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வெறும் மணலு. திங்கக்கெழம விடிகாலைலதான் தண்ணி எட்டிப் பாத்துச்சு. பேப்பர்ல படம் போட்டிருந்தான், நம்ம பெரிய மனுசங்க ஆளுக்கு ஒரு கூடை பூவைக் கொட்டித் தண்ணிக்கு வழி காட்டிக்கிட்டு இருந்தாங்க."

"அப்ப திங்கக்கெழம காலைல வண்டி ஆத்துல இருந்திருக்கு. போர்ட்டிகோவுல இல்ல. யாரோ மாட்டக் கட்டி இழுத்திருக்காங்க. அந்த மாட்டுக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

காயாரோகணத்தின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர், பஸ் ரோட்டுப் பக்கமாகக் கோரைக்குடித் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. எதிர்க்கரையில் மிராசுதார் வீட்டு மதில் தெரிந்தது. நூறடி நீள மதில் முழுக்க ‘உழைப்பவர்க்கே நிலம்’ என்று எழுத்துக்கு ஓர் ஆள் உயரத்தில் எழுதியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் உழைப்பவர் எவரும் தென்படவில்லை.

கோடையில் கோரைக்குடிக்காரர்கள் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஆறு மைல் போகமாட்டார்கள். காய்ந்த ஆற்றில் இறங்கி, மணலில் குறுக்கே ஓட்டி, இந்தக் கரைக் கல்சரிவில் ஏறினால் பஸ் ரோடு. முதல் தண்ணீர் வந்த அன்றும் இறங்கத்தான் செய்வார்கள். மூன்று மாதம் காய்ந்த மணல் முதல் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும். கணுக்கால் நனைவதற்குள் நாலு வண்டி கடந்துவிடலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் மிராசுதார் புது மாடி கட்டுவதற்காக அவர் ஆட்களே துறையின் நடுவில் மணல் அள்ளியிருந்தார்கள். தண்ணீர் வந்தவுடன் முதலில் நிரம்பியது அந்தக் குழி. இப்போது அந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. காயாரோகணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

"காரா? இங்க ஏதுங்க காரு."

"திங்கக்கெழம நான் ஊர்லயே இல்லீங்க."

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க," என்றவர் அக்கரையில் நின்ற ஆட்டின் காதில் இருந்த வெட்டைச் சொல்லி, அது யாருடைய ஆடு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"வீடு நீளத்துக்கு ஒரு காரு ஆத்துல முழுகியிருக்கு சார். ஊர்ல ஒருத்தர் பாக்கல. இவங்க எல்லாரும் மிராசுதாருக்குப் பயப்படுறாங்க," என்றான் மூஸா.

"மிராசுதாருக்குப் பயந்தா நம்மளப் பாத்து பயப்படணும். இவங்க பயப்படல. யாரையோ மறைக்கிறாங்க." காயாரோகணத்தின் பார்வை புங்கமரத்தடிக்குப் போனது. அங்கே ஒரு மயிலை மாடு முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து அதன் முட்டியில் தடவிக்கொண்டிருந்தாள். காயாரோகணம் அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து, இருபது வருஷம் லாரியைப் பார்த்த கண்ணால் மாட்டைப் பார்த்தார். முட்டித் தோல் உரிந்திருந்தது. புண்ணில் கல் கீறல்.

"வயல்ல ஏதும்மா கல்லு? அந்தச் சரிவுல முட்டி போட்டிருக்கு. அப்ப முதுகுக்குப் பின்னால பெரிய பாரம் இருந்திருக்கு. உங்க பேரு?"

அந்தப் பெண் எழுந்தாள். "அம்சங்க."

மூஸா காயாரோகணத்தைத் திரும்பிப் பார்த்தான். எந்தப் பெண்ணின் நிலம் போகாமல் இருக்க வேண்டும் என்று மூன்று மணிக்குள் மாட்டுக்காரரைத் தேடி ஓடுகிறார்களோ, மாட்டுக்காரரே அந்தப் பெண்தான்.

"அன்னிக்கு நான் கச்சேரிக்குத்தான் கெளம்பிக்கிட்டு இருந்தேன்," என்றாள் அம்சம். அவள் கை இன்னும் மாட்டின் முட்டியிலேயே இருந்தது. "ஐயா காரு குழில எறங்கிடுச்சுன்னு சத்தம் போட்டாங்க. கேசுல எதிர்க்கட்சி ஆளுதான். ஆனா தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு, உள்ள மனுசன் உக்காந்திருக்காரு. பாத்துக்கிட்டு நிக்கவா முடியும்? எஞ்சோடியப் பூட்டி, எல்லாருமாத் தள்ளி, மேட்டுக்குக் கொண்டுவந்தோம். கல்லுல இது வழுக்கி முட்டி போட்டுடுச்சு. வண்டி பின்னால உருண்டுச்சு. அப்ப உள்ளேந்து ‘மடக்’குன்னு ஒரு சத்தம். அப்புறம் ஐயா சொன்னாங்க, ‘ஒம் மாடு வழுக்கித்தாண்டி கியரு ஒடஞ்சுது. வாயத் தொறந்தா நீதான் உள்ள போவ’ன்னு. நான் தொறக்கல. ஊருலயும் யாரும் எனக்காகத் தொறக்கல."

"யூனுஸ் பாய் உள்ள இருக்காரும்மா," என்றான் மூஸா.

"நேத்து சாயங்காலந்தாங்க தெரியும். அதுலேந்து சோறு எறங்கல. அந்த மனுசன் எனக்கு என்ன பாவம் பண்ணாரு?"

மூஸாவுக்குக் கோபமாக வந்தது. மிராசுதார்மேல் வந்தது சரி. ஒரு ராத்திரி பூராவும் வாயை மூடிக்கொண்டிருந்த இவள்மேலும் கொஞ்சம் வந்தது. மெஹராஜ் பேகம் கையில் சோற்றுத் தூக்கோடு ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது அது இன்னும் கொஞ்சம் ஏறியது.

காயாரோகணம் கோபப்படவில்லை. "‘மடக்’னு கேட்டப்ப வண்டிக்குள்ள யாரு இருந்தது?"

"ஐயா மட்டுந்தான். கடைசி வரைக்கும் அவங்க எறங்கல. வேட்டி நனைஞ்சுடும்ல."

காயாரோகணம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மூணு மணிக்கு கச்சேரிக்கு வந்து இதை அப்படியே சொல்லணும்மா."

"சொன்னா எந் நெலம் போயிடுமா?"

"தெரியாது," என்றார் அவர். பொய் சொல்லத் தெரியாததால்தான் அவருக்கு வேலை போனது என்பதை மூஸா ஞாபகப்படுத்திக்கொண்டான். "சொல்லலன்னா யூனுஸ் உள்ளேயே இருப்பாரு. அது தெரியும்."

அம்சம் மாட்டை மரத்தில் கட்டினாள். கையைப் புடவையில் துடைத்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் வயல் இருக்கும் திசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு மணி பஸ்ஸு இப்ப வந்துடும்," என்று கல்சரிவில் ஏறிப் போனாள். மூஸாவின் கோபம் எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.

தாலுக்கா கச்சேரியில் தாசில்தார் தலைக்கு மேலே தலைவர்கள் படங்கள் வரிசையாகத் தொங்கின. எந்தப் படம் எந்த நேரத்தில் விழும் என்று தெரியாதவர்போல அவர் நாற்காலியைச் சற்று முன்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். துரைராசு வாடகை டாக்சியில் வந்து இறங்கினார். தோளில் ஆளுங்கட்சிக் கரை போட்ட துண்டு. ஆறு வருஷத்துக்கு முன்பு வரை அதே தோளில் வேறு துண்டுதான் கிடந்தது. தோளுக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. வாசற்படியோரம் மெஹராஜ் பேகம் நின்றாள், கையில் திறக்காத சோற்றுத் தூக்கு.

காயாரோகணம் மேஜைமேல் இரண்டு சாமான்களை வைத்தார். ஒரு பாட்டிலில் ரோஸ் நிற எண்ணெய், பக்கத்தில் இரும்புப் பல். ஐந்தே நிமிஷத்தில் ஆறு, தண்ணீர், வண்டல், கயிறு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்சம், தன் மாடுதான் இழுத்தது என்று சொன்னாள்.

துரைராசு அசரவில்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ஆத்துல எறங்கினது வாஸ்தவந்தான். மானக்கேடா இருந்துச்சு, அதனால சொல்லல," என்றார் அவர். "அந்த மெக்கானிக் மேல உள்ள புகாரை வேணும்னா விட்டுடறேன். ஆனா கேட்டுக்குங்க தாசில்தார். எதிர்மனுதாரரே தன் மாட்ட விட்டு என் வண்டிய ஒடச்சிருக்கா. அவ வாயாலயே சொல்லியாச்சு. என்னை விசாரணைக்கு வரவிடாம பண்ணினது அவதான். இதுக்கு மேல உத்தரவ ரத்து பண்ண என்ன காரணம் வேணும்?"

தாசில்தார் பேனாவை எடுத்தார். அம்சம் காயாரோகணத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மூஸா திரும்பி நின்றுகொண்டான். யூனுஸ் வெளியே வருவார். அதற்கு விலை இவளுடைய ஆறு மா.

"ஒரு நிமிஷங்க," என்றார் காயாரோகணம். "கம்பி ‘என்’ல இருந்தா இந்தப் பல்லு எதுலயும் மாட்டாம தனியாத் தொங்கும். வண்டிய யானை கட்டி இழுத்தாலும் ஒடையாது. வண்டி உருண்டுக்கிட்டு இருக்கறப்ப உள்ள இருக்கறவர் கம்பியப் புடிச்சு ‘பி’ல தள்ளினாத்தான் ஒடையும். உள்ள இருந்தது ஐயா ஒருத்தர்தான். கியர ஒடச்சது மாட்டோட காலு இல்லீங்க, ஐயாவோட கை."

"வண்டி பின்னால போவுது. பயத்துல தள்ளினேன். அதுக்கு என்ன இப்ப?" துரைராசுவின் குரல் உயர்ந்தது. "யாரு ஒடச்சா என்ன? வண்டி ஒடஞ்சுது, நான் வர முடியல. அவ்வளவுதான்."

தாசில்தார் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு மிராசுதாரின் துண்டுக்கும் பயம், சர்க்காரின் சட்டத்துக்கும் பயம். ஆனால் தண்ணீர் வந்த ஊரில் நாற்று விடாமல் கிடக்கிற வயலைப் பற்றி அவருக்கும் தெரியும். அவரும் பூதலூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.

"வண்டி ஒடஞ்சப்ப மணி என்ன?"

"ஏழரை இருக்கும்."

அம்சத்தைப் பார்த்தார். "நீயும் அங்கதானே இருந்த. பதினோரு மணிக்கு இங்க எப்படிம்மா வந்த?"

"எட்டேகால் பஸ்ஸுலங்க. சேத்தும் தண்ணியுமா அப்படியே ஏறிட்டேன். கண்டக்டரு நிறுத்தி வச்சாரு, ஐயாவும் வருவாங்கன்னு. நானும் கூப்புட்டேன். முன்னால சீட்டு காலியாத்தான் இருந்துச்சு."

"எட்டேகால் வண்டி பத்து மணிக்கெல்லாம் இந்த வாசல்ல நிக்குங்க. எட்டு வருஷம் நானே டிக்கெட் கிழிச்ச ரூட்டு," என்றான் மூஸா.

தாசில்தார் துரைராசுவின் பக்கம் திரும்பினார். "பஸ் நின்னுருக்கு. எடமும் இருந்திருக்கு. நீங்க ஏன் ஏறல?"

துரைராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்க ஓர் ஆள் இருக்கிறான் என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்ததுபோலும். முகம் சிவந்துவிட்டது.

"நல்லா கேட்டீங்களே. என் நெலத்துல குத்தகைக்கு இருக்கறவ சீட்டுல உக்காந்துக்கிட்டு வருவா, நான் அந்த பஸ்ஸுல ஏறி அவ பக்கத்துல உக்காந்து கச்சேரிக்கு வரணுமா? எங்க தாத்தா காலத்துலேந்து எங்களுக்குக் குத்தகை நெல் அளந்த குடும்பம் அது. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

மூஸா வாயைத் திறந்தான், காயாரோகணம் அவன் காலை மிதித்தார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. குமாஸ்தா எழுதணும்," என்றார் தாசில்தார், மிகவும் மரியாதையாக.

துரைராசு மெதுவாகச் சொன்னார். முதல் தடவையைவிடக் கம்பீரமாகச் சொன்னார். தாத்தா பெயரையும் சேர்த்துக்கொண்டார். குமாஸ்தா ஒரு வார்த்தை விடாமல் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக்கு நீட்டினார். தன் கௌரவத்தைச் சர்க்கார் ஒருவழியாகப் புரிந்துகொண்டது என்ற திருப்தியோடு அவர் முழுப் பெயரையும் போட்டார்.

தாசில்தார் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தினக்கூலி ஆளுன்னு எதிர்மனு குடுத்திருந்தீங்க. இப்ப மூணு தலைமுறையா குத்தகைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க. இனிமே மறுவிசாரணையில விசாரிக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. வரமுடியாமப் போகல, வர மனசில்லாமப் போச்சு. மனு தள்ளுபடி. அந்த மெக்கானிக் மேல புகார விட்டுடறதாச் சொன்னீங்க, அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

துரைராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வாயெடுத்த போதெல்லாம் நிலம் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மூடிக்கொண்டார். குமாஸ்தா நீட்டிய இடத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை பெயர் பாதிதான் வந்தது. மெஹராஜ் பேகம் அந்த நகலை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தூக்குச் சோற்றோடு ஸ்டேஷன் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அம்சம் மட்டும் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று முழுக்க விளங்காதவள்போல மிராசுதாரையும் தாசில்தாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துரைராசுவிடம் போய், எப்போதும்போல ஒதுங்கி நின்று கேட்டாள்.

"ஐயா, தண்ணி வந்து மூணு நாளாச்சு. நாத்து விட்டுக்கவா?"

தாசில்தார்தான் சொன்னார்.

"இனிமே அவர்கிட்ட கேக்க வேண்டாம்மா."

அம்சம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மூஸா அவள் பக்கத்தில் போய் நின்றான்.